அறுபத்து நாலு பங்கு வீடு

கானாடுகாத்தான்

செட்டிநாட்டு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும். கொல்லைக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நடந்த வட்டித் தொழில் இந்த வீடுகளைக் கட்டியது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் பணம் வந்த வழி அடைபட்டது. பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் போனார்கள், பேரப்பிள்ளைகள் அதற்கும் அப்பால். வீடுகள் இங்கேயே நின்றுவிட்டன.

கானாடுகாத்தானில் காலையில் நடந்தால் கோலம் போட்ட வாசலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் முற்றிலும் இருண்ட ஊர் அல்ல இது. தந்தை ஒருவர் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு ‘விசாலம்’ என்ற பெயரில் விடுதியாக நடக்கிறது. கோத்தமங்கலத்தில் ‘சாரதா விலாஸ்’ வீட்டை மிஷெல் ஆட்மோன், பெர்னார் டிராகோன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் சீர்செய்து விருந்தினருக்குத் திறந்தார்கள். கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’, காரைக்குடியில் ‘பங்களா’. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதி யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறியது. அவற்றில் ஒரு வீட்டின் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வெறுங்காலோடு நின்றபோது, இந்த வீட்டை யாரோ காப்பாற்றிவிட்டார்கள் என்று உண்மையாகவே மகிழ்ந்தேன்.

ஆனால் ஓர் ஊர் எத்தனை விடுதியைத் தாங்கும்? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தால் மற்ற வீடுகளின் கதி தெரிந்துவிடும். தேக்குத் தூண், நிலைக்கதவு, பித்தளைக் குத்துவிளக்கு, எனாமல் தூக்குச்சட்டி எல்லாம் விலைக்கு இருக்கின்றன. ஒரு வீட்டைப் பிரித்தால் ஒரு கடை நிறையும்.

கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் சுட்டுக் கொடுத்த ஆச்சி, தான் பிறந்த வீட்டைப் பற்றிச் சொன்னார். வளவைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அவன் குடும்பத்துச் சாமான் அதற்குள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் எல்லாரும் வந்து அவரவர் அறையைத் திறப்பார்கள். “பெரிய கதவுச் சாவி ஒன்னு, உள்ளுக்குப் பதினோரு பூட்டு. கூரை ஒழுகுதுன்னா யார் வீட்டுக் கூரைன்னு கேக்கறாக அப்பச்சி” என்றார். இந்தப் பயணம் முழுக்க நான் எதைப் பார்க்கப் போகிறேன் என்பதை அவர் சொல்லிவிட்டார் என்று அப்போது தெரியவில்லை.

பார்த்திபனூர்

சிவகங்கை, மானாமதுரை தாண்டித் தெற்கே இறங்கும்போது நிலத்தின் நிறம் மாறுகிறது. வைகையை மறித்துக் கட்டிய பார்த்திபனூர் மதகணையில் தண்ணீரைவிட மணலே அதிகம் கண்ணில் பட்டது. இங்கிருந்து ராமநாதபுரம் வரை கண்மாய்களை நம்பிய வாழ்க்கை. மழை பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். மழை பெய்தால் நெல், பின்பு மிளகாய். இரண்டும் போதாதவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் தாண்டியிருக்கிறார்கள். அபிராமம் போகும் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் மருத்துவமனைச் சீருடையின் மேல் துப்பட்டா போர்த்திய ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பரமக்குடியிலிருந்து தினமும் வருகிறாராம். அபிராமத்திலேயே வீடு எடுக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“வீடு கிடைக்கணும்ல அண்ணே. வாடகைக்கு விட மாட்டேங்குறாக.”

அரை மணி நேரத்தில் அபிராமத்துத் தெருக்களில் நடக்கத் தொடங்கியபோது அவர் சொன்னதை நம்பவே முடியவில்லை. பூட்டிய வீடுகளுக்கு அங்கே குறைவில்லை.

அபிராமம்

கமுதி வட்டத்தில் இருக்கும் பேரூர் இது. கடைத்தெருவில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. மிளகாய் மூட்டை ஏற்றும் வண்டி, மதரசாவிலிருந்து வரும் பிள்ளைகள், மாலையில் பரோட்டாக் கல்லின் தட்டொலி. உள்தெருக்களுக்குள் திரும்பினால்தான் அமைதி. உயரமான திண்ணை, வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், கம்பி போட்ட சன்னல், தேக்குக் கதவில் பெரிய திண்டுக்கல் பூட்டு. சில வீட்டுத் திண்ணையில் ஆட்டுக்குட்டிகள் படுத்திருந்தன. ஒரு மாடியின் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஆளுயரம் வளர்ந்திருந்தது. அதன் வேர் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைக்கவே வயிற்றைப் பிசைந்தது.

சாவிகள் ஒரு பெரியவரிடம் இருந்தன. எல்லாச் சாவியும் அல்ல. அவர் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக ஏழு வீட்டுச் சாவி. பலசரக்குக் கடையை மகனிடம் விட்டுவிட்டு இந்த வேலையைப் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஒவ்வொரு வீடாகத் திறப்பார், கூட்டுவார், குழாயைத் திறந்து துருத்தண்ணீர் போகும்வரை ஓடவிடுவார், ஒவ்வொரு அறையிலும் விளக்கைப் போட்டு அணைப்பார். கரண்டு பில் நூறு யூனிட்டுக்குள் என்பதால் காசு கட்ட வேண்டியதில்லை. வீட்டு வரியைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டு மலேசியாவிலிருந்தோ சென்னை மண்ணடியிலிருந்தோ வரும் பணத்தில் கழித்துக்கொள்வார்.

“உள்ள வாங்க தம்பி” என்று ஒரு வீட்டைத் திறந்தார். மூடிக் கிடக்கும் வீட்டின் வாடை முகத்தில் வந்து மோதியது: வௌவால் எச்சம், ஈரச் சுண்ணாம்பு, பழைய துணி. முற்றத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. சுவரில் மக்காவின் படம், அதன் கீழே 1998ஆம் ஆண்டு நாட்காட்டி. தூணில் கை வைத்தேன், குளிர்ந்திருந்தது. வெளியே நெருப்பாய்க் காய்ந்த நேரத்தில் இந்த வீட்டுக்குள் மின்விசிறி தேவைப்படவில்லை. சுண்ணாம்புச் சுவரின் குணம் அது. மூச்சு விடும், ஈரத்தை வாங்கும், வெளியேற்றும். கதவு சன்னலைச் சாத்திவைத்தால் வாங்கிய ஈரத்தை விட வழியில்லாமல் சுவர் உப்புப் பூக்கிறது. அதன் மேல் சிமெண்டைப் பூசுகிறவர்கள் நோயை உள்ளே வைத்துத் தைக்கிறார்கள். பூட்டு போடுவதால் வீடு பத்திரமாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். ஆள் புழங்காத வீட்டில்தான் கறையான் தைரியமாக ஏறுகிறது, ஓர் ஓடு நழுவியது ஆறு மாதம் கழித்துத் தெரிகிறது, அதற்குள் உத்திரம் உளுத்துவிடுகிறது.

“இது யாரு வீடு பாய்?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். கட்டியவர் இறந்தபோது மனைவி, மூன்று மகன், இரண்டு மகள். இஸ்லாமிய வாரிசுமுறைப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. ஆக வீட்டை அறுபத்து நாலாக வகுத்தால் மனைவிக்கு எட்டு, ஒவ்வொரு மகனுக்கும் பதினாலு, ஒவ்வொரு மகளுக்கும் ஏழு. கணக்கு எள்ளளவும் பிசகாத கணக்கு; யாரையும் வெறுங்கையோடு விடாத கணக்கு. ஆனால் அதை எழுதிப் பதியவில்லை. பிறகு மனைவி மௌத்தானார். பிறகு மூத்த மகன். அவருக்கு மலாய்க்காரப் பெண்ணோடு ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம். இளைய மகளின் பிள்ளைகளில் ஒருவர் லண்டனில். இப்போது கையெழுத்துப் போட வேண்டியவர்கள் இருபத்து மூன்று பேர். அவர்களில் நாலு பேர் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

“எல்லாரும் நல்ல புள்ளைக தம்பி. யாரும் யாரோடவும் சண்டை இல்ல. நன்னி வாழ்ந்த வீடு, விக்கப்படாதுன்னு ஒரே சொல்லா நிக்கிறாக. ஆனா யாரு முன்னாடி வந்து பேனாவைத் தூக்குறது?”

காலி வீடு என்றால் கேட்பாரற்ற வீடு என்று நகரத்தில் இருக்கும் நாம் நினைக்கிறோம். அபிராமத்தில் நான் பார்த்த வீடுகளுக்குக் கேட்பார் அதிகம். அன்பும் குறைவில்லை. முடிவெடுக்கும் ஒரு கை இல்லாததுதான் குறை. சென்னையில் என் தெருவில் ஒரு குடும்பம் இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு, ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கிறது. இங்கே முற்றமும் கிணறும் மாடியும் உள்ள வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை விளக்கு எரிகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்திய நகர்ப்புறங்களில் மட்டும் ஒரு கோடியே பதினோரு லட்சம் வீடுகள் காலியாக இருப்பதாகச் சொன்னது. அந்த எண்ணைப் படித்தபோது மனதில் பதியவில்லை. அந்தத் திண்ணையில் பதிந்தது.

வாடகைக்கு விடுவதில் என்ன தயக்கம் என்று கேட்டேன். “வந்தவுக எந்திரிக்க மாட்டாகன்னு பயம்” என்றார். பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு குடித்தனக்காரரைக் காலி செய்ய ஆண்டுக்கணக்காக நீதிமன்றம் ஏறியவர்களின் கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அந்தச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தத்தை எழுத வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், காலம் முடிந்தால் வெளியேற வேண்டும். கோலாலம்பூரில் இருக்கும் பங்காளிக்கு இதை யார் சொல்வது? அவர் மனதில் இன்னும் அவருடைய அத்தா சொன்ன 1970களின் வாடகைக்காரர்தான் இருக்கிறார்.

அடுத்த தெருவில் ஒரு வீடு திறந்திருந்தது. அதைக் காட்டத்தான் பெரியவர் என்னை வேகமாக நடத்திக்கொண்டு போனார். வாசலில் சைக்கிள், கொடியில் சின்னப் பிள்ளையின் கவுன், உள்ளே குக்கர் விசில். அங்கே ஒன்பது வாரிசுகள். ஓய்வுபெற்ற ஆசிரியையான ஒரு மகள் பிடிவாதமாக உட்கார்ந்து மற்ற எட்டுப் பேரையும் சம்மதிக்க வைத்திருக்கிறார். உள்ளூரில் இருப்பவர்கள் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பினார்கள். அப்படி வரும் பவருக்கு, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும், தவறினால் சிக்கல். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு அரசு வைத்திருக்கும் கட்டணம் வெளியாருக்கு விற்பதைவிட மிகக் குறைவு என்பது பலருக்கும் தெரியவில்லை. ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. பணம் பெரிதாக ஆகவில்லை, ஆனால் இரண்டு பெருநாள் கடந்துபோனது. ஒவ்வொரு பெருநாளுக்கும் ஊர் வந்தவர்களைப் பிரியாணிக்குக் கூப்பிட்டு, சாப்பிட்ட பிறகு காகிதத்தை நீட்டினாராம்.

இப்போது அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. வாடகைப் பணத்தை யாரும் பிரித்துக்கொள்வதில்லை. அது மராமத்துக்கு. சுவரைச் சரிசெய்த கொத்தனாருக்கு வயது எழுபதுக்கு மேல். சுண்ணாம்பைத் தொட்டியில் வாரக்கணக்காக ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துப் பூசியிருக்கிறார். “இந்தத் தெருவுல இன்னும் பத்து வீடு திறந்தா நாலு பையன்களுக்குத் தொழில் சொல்லித் தருவேன். ஒரு வீட்டுக்காக எவன் கத்துக்க வருவான்?” என்றார் அவர். எனக்கு அந்தக் கேள்விதான் மொத்தப் பயணத்திலும் பெரிதாகப் பட்டது. செட்டிநாட்டு விடுதிகள் கலையைக் காப்பாற்றின. ஊரைக் காப்பாற்ற ஆசிரியரும் செவிலியரும் வங்கி ஊழியரும் குடியேற வேண்டும். பள்ளியில் பிள்ளை சேரும், கடையில் பால் விற்கும், இரவில் தெருவில் வெளிச்சம் இருக்கும்.

ஆசிரியர் வீட்டில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்தார்கள். அவர் மனைவி சமையலறையின் புகைக்கூண்டைக் காட்டினார். விறகடுப்புக் காலத்தில் கட்டியது. அதன் கீழே இப்போது கேஸ் அடுப்பு. “எவ்வளவு தாளிச்சாலும் வீட்டுக்குள்ள நெடி நிக்காது” என்று பெருமையாகச் சொன்னார். சொந்த வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

இருபத்து மூன்று வாரிசு வீட்டுக்கும் இப்படி ஒருவர் கிடைப்பாரா என்று பெரியவரிடம் கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. ஜப்பானில் 2023 கணக்கெடுப்பில் தொண்ணூறு லட்சம் வீடுகள் காலி என்று தெரிந்ததையும், 2024 ஏப்ரலிலிருந்து வாரிசுரிமையை மூன்று ஆண்டுக்குள் பதிந்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்துவிட்டதையும் அவரிடம் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். “பதியலேன்னா?” “அபராதம்.” “அது நல்லது. ஒருத்தர் சாகும்போதே எழுதிட்டா ஆறு கையெழுத்து. விட்டுப்புட்டா இருபத்து மூணு.”

கீழக்கரை

கமுதி, முதுகுளத்தூர் வழியாகக் கிழக்கே வரும்போது சாலையோரக் களங்களில் முண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. உருண்டையாக, கருஞ்சிவப்பாக, காரத்தைவிட மணம் தூக்கலாக. 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

கீழக்கரையில் வேறொரு வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணைப் பெற்றவர்கள் மகளுக்கு வீடு கொடுக்கிறார்கள். காயல்பட்டினத்திலும் இதே முறை. முத்துக்கும் சங்குக்கும் அரிசிக்கும் கப்பலேறி மாதக்கணக்கில் ஆண்கள் வராத காலத்தில், பெண் தன் வீட்டில், தன் உம்மாவின் அண்மையில் இருக்கட்டும் என்று வந்த ஏற்பாடாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதன் பலன் இன்றைக்கும் தெரிகிறது. வீடு யாருடையது என்று கேட்டால் விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. தொதல் வாங்கப் போன வீட்டில் கேட்டேன். “என் வீடு” என்றார் அந்த அம்மா, கிண்டுவதை நிறுத்தாமல். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் மணிக்கணக்காகக் கொதித்துச் சுருண்டுகொண்டிருந்தன. பக்கத்து வீடு தங்கையுடையதாம். எதிர்வீட்டில் பூட்டு, மாமி மகள் துபாயில் இருக்கிறார். ஆனால் பள்ளி விடுமுறைக்கு வருவார், வாடகைக்கு விடலாமா வேண்டாமா என்று அவர் ஒருவர் சொன்னால் போதும்.

இங்கும் காலி வீடுகள் இருக்கின்றன. ஆனால் அபிராமத்து வீடுகளைப் போல் திகைத்து நிற்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

மண்டபம்

பாம்பனுக்குச் சற்று முன்னால் சாலையோரம் நீளமாக ஓடுகிறது மண்டபம் முகாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களைத் தடுத்து நிறுத்தி நோய்ச் சோதனை செய்ய இலங்கை அரசு நடத்திய இடம் இது. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, போனவர்களின் பேரப்பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டபோது அவர்கள் வந்து தங்கியதும் இங்கேதான். 1983க்குப் பிறகு போருக்கு அஞ்சி வந்தவர்கள் இங்கே தங்கினார்கள், 1990இல் மறுபடியும், 2022இல் விலைவாசி தாங்காமல் படகேறி அரிச்சல்முனைப் பக்கம் இறங்கியவர்களும். வீட்டுக்காரர்கள் போய்விட்டதால் காலியான வீடுகளை இத்தனை நாள் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, வீடே இல்லாதவர்களால் நூறு ஆண்டாக நிரம்பியிருக்கும் இடம் மூச்சை அடைத்தது.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இதைப் போன்ற இலங்கைத் தமிழர் முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட 231 கோடியே 54 லட்சம் ரூபாய் அறிவித்தது. செய்ய வேண்டிய வேலை அது. ஆனால் முகாமுக்குள் கட்டும் வீடும் முகாமுக்குள்தான் இருக்கும்.

அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. வெளியே கடையில் டீயும் சூடான பருப்பு வடையும் வாங்கிக்கொண்டு நின்றபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்த ஓர் அம்மாவிடம் பேச வாய்த்தது. மகன் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறான். இந்தப் பக்கத்தில் முகாமிலிருந்து போகிற இளைஞர்கள் பலருக்கும் அதுதான் தொழில். இப்போது பரமக்குடியைச் சுற்றி வேலை. ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். முகாமுக்கு வெளியே குடியிருப்பதென்றால் அனுமதி வாங்க வேண்டும், காவல் நிலையத்தில் பதிய வேண்டும். அதையெல்லாம் செய்யத் தயாராக இருக்கிறான்.

அபிராமத்தைப் பற்றிச் சொன்னேன். திண்ணை, முற்றம், கிணறு, பூட்டு எல்லாவற்றையும்.

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். “தண்ணி உப்போ நல்லதோ? பஸ் எத்தனை மணிவரைக்கும் ஓடுது? பள்ளிக்கூடம் கிட்டவோ?” எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு டீ கிளாஸை வைத்துவிட்டு, “எங்களுக்குத் தருவினமோ தம்பி?” என்றார்.

அங்கிருந்தே பெரியவரைப் போனில் பிடித்தேன். பெயின்டர் என்றதும் முதலில் ஆள் எப்படி, எத்தனை பேர், வேலை சுத்தமாக இருக்குமா என்று விசாரித்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தெரியுமா என்று கேட்கச் சொன்னார். அந்த அம்மா, மகன் கற்றுக்கொள்வான் என்றார்.

“சரி. இருபத்து மூணு வீட்டுக்காரவுக வீட்டைப் பத்திப் பேச்செடுக்க முடியாது. அதுக்குப் பின்னாடி ஒன்னு இருக்கு, மூணே வாரிசு, மூத்தவரு மலேசியாவுல, கிள்ளான்ல இருக்காரு. நம்மளவிட அங்க ரெண்டரை மணி நேரம் முன்னாடி. இப்பத் தூங்கியிருப்பாரு. நாளைக்கு சுபுஹு தொழுதுட்டுக் கேக்குறேன். அந்தப் பையன் நம்பரை மட்டும் வாங்கி அனுப்புங்க.”